எட்டு வயதில் சான்றிதழ், ஐந்து வயதில் உதவி

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போது அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் செய்திக்குறிப்பில் ஒரு பத்தி தவறாமல் இடம்பெறும். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புத் தடுமாற்றம் உள்ளவர்கள், பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள் உள்ளிட்ட தேர்வர்களுக்கு மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிய சலுகைகள் உண்டு என்று அது சொல்லும். பார்வையற்ற மாணவருக்கு எழுதித்தர ஆள் வேண்டும் என்பது யாருக்கும் புரியும். கண்ணும் காதும் நன்றாக இருந்து, கிரிக்கெட் ஸ்கோரை ஓவர் வாரியாக ஒப்பிக்கும் பையனுக்கு எதற்கு இந்தச் சலுகை? இங்கேதான் குழப்பம். "படிக்கச் சோம்பல், அதுக்கு ஒரு பேரு வச்சுட்டாங்க" என்று டீக்கடையிலும் பேச்சு உண்டு, ஆசிரியர் அறையிலும் உண்டு.

குழப்பம் தீர வேண்டுமானால் பத்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாம் வகுப்பு வரை பின்னால் போக வேண்டும். தேர்வறையில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம், ஆறு வயதில் கிடைக்காமல் போன உதவிக்குப் பல ஆண்டு கழித்துத் தரப்படும் ஈடு. பெரும்பாலும் போதாத ஈடு.

கற்றல் குறைபாடு என்பது எது

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தாம் இருந்தன. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 21 வகைகள். புதிதாகச் சேர்ந்தவற்றில் ஒன்று 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு'. 'குறிப்பிட்ட' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. பொதுவான அறிவுத்திறன் சரியாக இருக்கும். படிப்பது, எழுதுவது, கணக்கிடுவது போன்ற ஒரு வேலையில் மட்டும் விடாப்பிடியான தடுமாற்றம் இருக்கும். முக்கியமானவை மூன்று:

1. டிஸ்லெக்சியா: எழுத்தை ஒலியாக மாற்றுவதில் தடுமாற்றம். வாசிப்பு தவறாகவோ மிக மெதுவாகவோ இருக்கும். அதிகம் காணப்படுவது இதுதான்.

2. டிஸ்கிராபியா: எழுதுவதில் தடுமாற்றம். வாயால் சரியாகச் சொல்லும் விடையைத் தாளில் இறக்க முடியாது.

3. டிஸ்கால்குலியா: எண்ணின் அளவுணர்வில் தடுமாற்றம். 8 பெரிதா 5 பெரிதா என்பதற்கே விரல்விட வேண்டியிருக்கும்.

ஒன்றோடு ஒன்று சேர்ந்தும் வரும். கவனக்குறைவு, துறுதுறுப்புப் பிரச்சினையும் கணிசமானோருக்குக் கூடவே இருக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை இவ்வகைக் குறைபாடு இருப்பதாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு சொல்கிறது. குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் 40 பேர் உட்காரும் வகுப்பில் 2 பேர்.

நம் பள்ளிகளில் இந்த இருவருக்கும் தனிப் பெயர் கிடையாது. 'மெல்லக் கற்போர்' பட்டியலில் போய்விடுவார்கள். ஆடு மேய்க்கப் போவதால் பள்ளிக்கு ஒழுங்காக வராத பிள்ளை, கண்ணாடி தேவைப்படும் பிள்ளை, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை, டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை எல்லாரும் அதே பட்டியலில். எல்லாருக்கும் ஒரே மருந்து: மாலையில் கூடுதல் வகுப்பு, அதே பாடத்தை இன்னொரு தடவை. மற்றவர்களில் சிலருக்கு அது உதவும். டிஸ்லெக்சியா உள்ளவனுக்கு, ஏற்கெனவே நுழைய முடியாத கதவில் இன்னொரு மணி நேரம் முட்டுவதுதான் மிச்சம்.

தமிழ் எழுத்தில் எங்கே இடறும்

பேச்சு தானாக வரும். வாசிப்பைக் கற்பிக்க வேண்டும். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குன்றில் 'தமிழி' என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டுகள் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையவை. உலகத்தில் எங்கு பார்த்தாலும் எழுத்து சில ஆயிரம் ஆண்டுக் கதைதான். பேச்சு அதைவிடப் பல மடங்கு பழையது. அதனால் வாசிப்புக்கென்று மூளையில் பிறவியிலேயே ஒதுக்கிய இடம் இல்லை. பார்வைக்கான பகுதியையும் பேச்சுக்கான பகுதியையும் இணைத்து ஒவ்வொரு குழந்தையும் சொந்தமாகப் பாதை போட்டாக வேண்டும். டிஸ்லெக்சியாவில் இந்தப் பாதை போடும் வேலைதான் சிரமப்படுகிறது. பெரும்பாலும் சிக்கல் கண்ணில் இருப்பதில்லை. சொல்லை ஒலித்துண்டுகளாகப் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. 'பட்டம்' என்பதைக் காதால் கேட்டு ப, ட், ட, ம் என்று நான்காக உடைக்க வராத பிள்ளைக்கு, அந்த நான்கு வடிவங்களும் வெறும் கோலம்.

ஆங்கிலத்தில் பி, டி இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் டிஸ்லெக்சியா என்று ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. சின்னப் பிள்ளைகள் பலரும் அப்படி மாற்றிப் போடுவார்கள்; ஏழு வயதுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். தமிழில் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு:

1. கொம்பு. 'கெ' என்பதில் 'க்' முதலில் ஒலிக்கிறது, 'எ' பிறகு. எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. 'கொ', 'கோ' ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்யின் இரண்டு பக்கமும் நிற்கும். ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் முரண்படும் இடம் இது. 'கொடி' என்பதைக் 'கெடி' என்றோ 'காடி' என்றோ திரும்பத் திரும்ப எழுதும் பிள்ளையைக் கவனிக்க வேண்டும்.

2. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும். 'கெ', 'கே' என்று குறில் நெடிலைப் பிரிக்கும் இந்தச் சுழி 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம் என்பார்கள். மதுரை மிஷனைச் சேர்ந்த அந்தப் பாதிரியார் வருவதற்கு முன் ஓலைச்சுவடி படித்தவர்கள் பொருளைப் பார்த்துத்தான் குறிலா நெடிலா என்று முடிவு செய்தார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை இன்றைக்கும் அப்படித்தான் படிக்கிறது, ஊகித்து.

3. உகரம். ஆகாரத்துக்குக் கால், இகரத்துக்குக் கொக்கி என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. 'கு, சு, து, பு, ணு' ஆகியவற்றில் அந்த ஒழுங்கு இல்லை. ஒரே உகரம் மெய்யைப் பொறுத்து வெவ்வேறு வடிவம் எடுக்கும்.

4. ஒரே எழுத்துக்குப் பல ஒலி. 'பல்' என்பதில் உள்ள 'ப' வேறு, 'தம்பி'யில் உள்ள 'பி' வேறு. பெரியவர்கள் நாம் இதைக் கவனிப்பதே இல்லை.

இந்த நான்கிலும் எல்லாப் பிள்ளைகளும் சில மாதம் தடுக்கி விழுவார்கள், அப்புறம் எழுந்துகொள்வார்கள். மற்றவர்கள் எழுந்த பிறகும் அதே இடத்தில் விழுந்துகொண்டிருந்தால்தான் சந்தேகம்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். எழுத்துக்கும் ஒலிக்கும் நெருக்கமான உறவு உள்ள மொழிகளில் டிஸ்லெக்சியா பிழையாக வெளிப்படுவதைவிட வேகக்குறைவாக வெளிப்படும். இத்தாலியம், ஜெர்மன், பின்னிஷ் மொழிப் பிள்ளைகளிடம் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. தமிழும் அந்தப் பக்கம் சாய்ந்த மொழிதான். அதனால், எழுத்துக் கூட்டிச் சரியாகப் படித்துவிடுகிறான் என்பதற்காகத் தமிழ் ஆசிரியர் அவனைக் கடந்து போய்விடுவார். ஒரு வரி முடிய ஒரு நிமிடம் ஆகிறது என்பதை யாரும் குறித்துவைப்பதில்லை. அதே பிள்ளை ஆங்கிலத்தில் அடியோடு உட்கார்ந்துவிடும். "இங்கிலீஷ்தான் வரல" என்று பேச்சு முடிந்துவிடும்.

குறைபாடு என்று எண்ணிவிடக் கூடாதவை

தேடத் தொடங்கினால் எல்லாரும் டிஸ்லெக்சியாவாகத் தெரியும் ஆபத்தும் இருக்கிறது. மதுரை வட்டாரத்தில் குறிப்பாகச் சிலவற்றைத் தள்ளிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் நம் பேச்சு. இங்கே வாழைப்பழம் பெரும்பாலான வாய்களில் 'வாளப்பளம்'தான். பேசுவதை அப்படியே எழுதும் ஏழு வயதுப் பிள்ளை 'பளம்' என்று எழுதினால், அது தான் கேட்ட ஒலியைச் சரியாக எழுத்தாக மாற்றியிருக்கிறது என்று பொருள். ஒலிப் பகுப்பு நன்றாக இருப்பதற்கே அது சாட்சி! ர/ற, ந/ன/ண குழப்பமும் அப்படியே. 'வந்துக்கிட்டு இருக்கான்' என்று பேசி வளர்ந்த பிள்ளை 'வந்துகொண்டிருக்கிறான்' என்ற வரியில் தயங்குவது, எழுத்துத் தமிழ் அதற்குப் பாதி வேற்றுமொழி என்பதால். மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்கள் ஏராளம். தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளித் தமிழ் இரண்டாவது மொழி, ஆங்கிலம் மூன்றாவது. இரண்டு மொழியில் வளர்வது டிஸ்லெக்சியாவை உண்டாக்காது. ஆனால் வீட்டு மொழியில் கதை சொல்லச் சொல்லிப் பார்க்காமல் 'மொழித்திறன் குறைவு' என்று எழுதுவது தவறான தீர்ப்பு.

அடுத்து கண், காது, வயிறு. கண் பரிசோதித்து இலவசக் கண்ணாடி தரும் கண்ணொளி காப்போம் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. அடிக்கடி காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு ஒலி வேறுபாடு மங்கலாகத்தான் கேட்கும். பசியோடு வரும் பிள்ளையின் கவனம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில் ஒரு மாநகராட்சி தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. கடைசியாக வருகைப்பதிவேடு. பெற்றோரோடு செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போய் மூன்று மாதம் பள்ளி விட்ட பிள்ளைக்கு முதலில் தேவை, விட்டுப்போன பாடம்.

எந்த வயதில் எதைப் பார்ப்பது

நான்கு, ஐந்து வயதில் எழுத்தைப் பார்க்கத் தேவையில்லை, காதைப் பார்த்தால் போதும். கல், பல், நெல் என்று ஒரே மாதிரி முடியும் சொற்களைக் கண்டுபிடிக்கிறதா? நிறங்களின் பெயரைத் தடங்கலில்லாமல் வரிசையாகச் சொல்கிறதா? அந்தாக்ஷரி மாதிரி, சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டில் கொஞ்சமாவது பிடி கிடைக்கிறதா? பேச்சு தாமதமாக வந்த பிள்ளை, அப்பாவோ அத்தையோ 'எனக்கும் படிப்பு ஏறல' என்று சொல்லும் குடும்பத்துப் பிள்ளை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இது மரபு வழியாக வரக்கூடியது.

ஆறு, ஏழு வயதில்: நேற்றுப் படித்த எழுத்து இன்று புதிதாகத் தெரிவது, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது, பாடத்தை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு அதே பாடத்தின் நடுவில் ஒரு சொல்லைக் காட்டினால் விழிப்பது. இந்தக் கடைசி அறிகுறி பலரை ஏமாற்றும். நினைவாற்றல் நன்றாக உள்ள பிள்ளை இரண்டு ஆண்டு வரைகூடப் புத்தகத்தைப் பார்த்தபடி ஒப்பித்தே ஓட்டிவிடும்.

எட்டு வயதுக்கு மேல் அறிகுறியோடு அவமானமும் சேர்ந்துகொள்கிறது. வாசிக்கச் சொல்லும் நேரத்தில் வயிற்றுவலி, திங்கட்கிழமைக் காய்ச்சல், வகுப்பில் கோமாளித்தனம். ஆசிரியர் கண்ணில் இப்போது படுவது நடத்தைப் பிரச்சினை மட்டும்.

ஏன் எட்டு வயது வரை காத்திருக்கக் கூடாது

2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் பள்ளியில் முதல்கட்டச் சோதனை, பிறகு குழந்தை மருத்துவர், அறிவுத்திறன் தேர்வு, பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய தேர்வுத் தொகுப்பு, அப்புறம் சான்றிதழ். எட்டு வயதுக்குமுன் சான்றிதழ் கிடையாது. இதற்குக் காரணம் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் தடுமாறும் வயதில் முத்திரை குத்தினால் தவறு நேரும்.

இதைப் படிக்கும் பள்ளிகளும் பெற்றோரும் ஒரு படி கூடுதலாகத் தாண்டி, எட்டு வயது வரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தவறு அங்கேதான். காரணங்களை வரிசையாகப் பார்க்கலாம்:

1. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, அதற்கேற்ற கற்பித்தல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அரசு நிதி பெறும், அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் இது பொருந்தும், மெட்ரிக் பள்ளிகளுக்கும்தான். சான்றிதழ் வந்த பிறகு என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.

2. நிம்ஹான்ஸ் தொகுப்பிலேயே 5 முதல் 7 வயதுக்கு ஒரு நிலை, 8 முதல் 12 வயதுக்கு இன்னொரு நிலை என்று இரண்டு உண்டு. சிறு வயதில் பார்க்கவே முடியாது என்பது உண்மையில்லை.

3. முன்னே சொன்ன 2013ஆம் ஆண்டுக் கையேட்டின் இலக்கணப்படி, தடுமாற்றத்துக்கென்றே திட்டமிட்டு உதவி கொடுத்தும் குறைந்தது ஆறு மாதம் அது நீடித்தால்தான் கற்றல் குறைபாடு என்று பெயர் வைக்கலாம். அதாவது உதவி முதலில், பெயர் பிறகு. உதவியே கொடுக்காத பிள்ளையைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

4. ஒன்று, இரண்டாம் வகுப்பில் வாசிக்கக் கற்கிறோம். நான்காம் வகுப்பிலிருந்து வாசித்துக் கற்கிறோம். அறிவியல், சமூக அறிவியல் எல்லாமே வாசிப்பு வழியாக வரத் தொடங்கும்போது ஒரு பாடத்தின் சிக்கல் ஐந்து பாடத்தின் சிக்கலாகிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இதற்கான தகவல் ஓரளவு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துப் பாடம் நடக்கிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் ஒரு பிள்ளை மூன்று பருவம் தாண்டியும் அரும்பிலேயே இருந்தால் 'இன்னும் அரும்பு' என்று பதிவாகிறதே தவிர, ஏன் என்ற கேள்வி பதிவாவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கப் புதுத் திட்டம் ஒன்றும் வேண்டாம்.

உதவி என்றால் என்ன

ஒலியிலிருந்து தொடங்கி, சின்னச் சின்னப் படியாக, தினமும், பல புலன் வழியாக. வெளிநாட்டில் 1930களிலிருந்து வளர்ந்த முறை இது. மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்வது அதன் ஒரு பகுதி. நம் திண்ணைப் பள்ளிகள் அதைத்தான் செய்தன என்று பெருமை பேசத் தோன்றும். ஆனால் அங்கே பிரம்பும் இருந்தது, படிப்பு வராதவன் பாதியில் நின்றான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. 247 எழுத்தையும் 247 படங்களாக மனப்பாடம் செய்யும் பிள்ளைதான் மூச்சுத் திணறுகிறது. 18 மெய்யையும் பதினோரு உயிர்க்குறியையும் பிரித்துக் காட்டி, க் + ஆ = கா என்று அட்டையில் சேர்த்துப் பிரித்து விளையாட விட்டால் சுமை பெருமளவு குறையும். உகர வரிசையைக் கடைசிக்குத் தள்ளலாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர் ஆறு மாதத்துக்குச் செய்யக்கூடியது இது:

1. கண், காது பரிசோதனை முடிந்ததா என்று முதலில் உறுதி செய்வது.

2. ஒரே இடத்தில் தடுமாறும் மூன்று நான்கு பேரைச் சேர்த்து, தினம் இருபது நிமிடம், ஒலியைப் பிரித்தலும் சேர்த்தலும்.

3. வாரம் ஒருநாள் ஒரு நிமிடம் வாசிக்கவிட்டு, சரியாகப் படித்த சொற்களை எண்ணி நோட்டில் குறிப்பது. தேதியோடு.

4. பன்னிரண்டு வாரம் ஆனதும் அந்த எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்ப்பது. ஏறினால் நல்லது. ஏறாவிட்டால் பெற்றோரை அழைத்து, அந்த நோட்டைக் கையில் கொடுத்து, இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியரிடம் அனுப்புவது.

அந்த நோட்டு எந்த ஒருநாள் தேர்வைவிடவும் மதிப்புள்ள சான்று. தமிழில் தரப்படுத்திய சோதனைகள் குறைவு என்பதால் அதன் மதிப்பு இன்னும் கூடுகிறது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'டாலி' சோதனைத் தொகுப்பு முதலில் வந்தபோது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில்தான் இருந்தது.

டிஸ்லெக்சியாவுக்கு மாத்திரை கிடையாது. வண்ணக் கண்ணாடி, கண்ணைக் கட்டி வாசிக்கவைக்கும் 'மிட்பிரெய்ன்' பயிற்சி, நினைவாற்றல் லேகியம் எதற்கும் ஆதாரம் இல்லை. பணம் கட்டுவதற்கு முன், "எத்தனை வாரத்தில் என் பிள்ளையின் ஒரு நிமிட வாசிப்பு எத்தனை சொல் கூடும், எப்படி அளப்பீர்கள்?" என்று கேட்டால் போதும்.

மதுரையில் எந்தக் கதவைத் தட்டுவது

கதவுகள் மூன்று, மூன்றும் வேறு வேறு துறை. கல்வித்துறைப் பக்கம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வளமையம்: மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று அந்தந்த வட்டாரத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள், அவர்கள் பள்ளிகளுக்கும் வருவார்கள். சுகாதாரத்துறைப் பக்கம், 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு: அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை, அரசுப் பள்ளிக்கு ஒருமுறை வர வேண்டும், அவர்கள் பார்க்க வேண்டிய 30 வகைச் சிக்கல்களில் கற்றல் குறைபாடும் ஒன்று. மேற்கொண்டு பரிசோதிக்க அரசு இராசாசி மருத்துவமனையின் குழந்தைகள் நலம், மனநலப் பிரிவுகள். மூன்றாவது, ஆட்சியர் அலுவலக வளாகத்தின் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்: அடையாள அட்டை தொடர்பான வேலைகள் அங்கே.

ஒரு துறை பார்த்தது இன்னொரு துறைக்குத் தானாகப் போகும் என்று நம்பியிருக்க வேண்டாம். மருத்துவக் குழு எழுதிய சீட்டு, ஆசிரியரின் நோட்டு, பிள்ளையின் பழைய எழுத்து நோட்டுகள் இரண்டு, கண் காது பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துப் பெற்றோரே தூக்கிக்கொண்டு போவதுதான் இன்றைய நடைமுறை.

சான்றிதழும் பொதுத்தேர்வும்

2018 வழிகாட்டுதலில் எட்டு வயதுக்குமேல் பெறும் சான்றிதழை 14 வயதில் ஒருமுறை, 18 வயதில் ஒருமுறை மறுபடி பரிசோதித்து வாங்க வேண்டும் என்று இருந்தது. 18இல் தருவது ஆயுளுக்கும் செல்லும். 2024 மார்ச்சில் வழிகாட்டுதல்கள் திருத்தப்பட்டிருப்பதால் விண்ணப்பிக்கும்போது நடப்பு விதியை மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

சலுகைகளில் யோசித்து எடுக்க வேண்டியது மொழிப்பாட விலக்கு. ஒரு பாடம் குறையும் என்ற நிம்மதியில் அவசரமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். எந்த மொழியை விடுவது என்பது மேற்படிப்பையும் வேலையையும் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. பிள்ளையையும் கேட்டே எடுக்க வேண்டும். சொல்வதை எழுதுபவர் விஷயத்தில் வேறு சிக்கல். விடையை வரிசையாக, நிறுத்தி நிறுத்திச் சொல்வது தனித்திறமை. தேர்வு நாளில் முதல்முறையாக முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லத் தொடங்கும் மாணவர் பாதி மதிப்பெண்ணை அங்கேயே விட்டுவிடுவார். ஒன்பதாம் வகுப்புப் பருவத்தேர்வுகளிலேயே பள்ளி அந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம்.

பதினான்கு வயது என்பது ஏறத்தாழ ஒன்பதாம் வகுப்பு. எட்டு வயதில் வாங்கிய சான்றிதழைப் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, பத்தாம் வகுப்புத் தேர்வர் பட்டியல் தயாராகும் நேரத்தில் எடுத்துப் பார்த்தால் காலாவதியாகியிருக்கலாம். மறுபரிசோதனைக்கு நாள் கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம். ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறையிலேயே அந்த வேலையை முடித்துவிட வேண்டும்.